பூட்டன் காலத்து வள்ளம்

ஏரம்பு அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மயிலிட்டிக் கடற்கரையில் எந்த மனிதன் வாயைப் பொத்திக்கொண்டு வள்ளத்துக்கு ஓட்டை அடைத்திருக்கிறான்? அறுபத்தெட்டாம் ஆண்டு, பனி விட்டு வெயில் ஏறத் தொடங்கிய நாட்கள். வள்ளத்தைக் கரைக்கு இழுத்து, பலகைப் பொருத்துக்களில் பஞ்சைத் திணித்துத் திணித்து ஏரம்புவுக்கு இடுப்பு நாரி முறிந்து போயிருந்தது. ஒரு பக்கம் அடைத்தால் மறுபக்கம் பிளந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா அந்தக் கார் வந்து நிற்க வேண்டும்!

காரிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முன்னுக்கு வந்தவர் திரு. ஹெக்டர். மலாயாப் பென்சன்காரர், தலையில் சோலாத் தொப்பி, வடபிரதேசப் புராதனப் பொருட் போற்றற் சபையின் தலைவர். பின்னால் வந்தவர் செயலாளர் கிளரன்ஸ். சபையின் முத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர். மூன்றாமவர் சோமசேகரம் பண்டிதர், சபையின் ஆய்வாளர். எதை ஆய்ந்தார் என்று எவரும் கேட்டதில்லை. மூவரும் நண்டு வாங்க வந்தவர்கள். அதை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

"என்ன காணும், உது எந்தக் காலத்து வள்ளம்?" என்று ஹெக்டர் சும்மா கேட்டார்.

"பூட்டன் காலத்துச் சனியன் ஐயா," என்றான் ஏரம்பு, நிமிராமலே. "அடைக்க அடைக்க ஒழுகுது."

யாழ்ப்பாணத்தில் பூட்டன் காலம் என்பது காலக்கணக்கு அல்ல, அது ஒரு வசவு. செருப்பு அறுந்தால் அது பூட்டன் காலத்துச் செருப்பு. போன தீபாவளிக்கு மருமகன் வாங்கித் தந்த குடை ஒழுகினால் அதுவும் பூட்டன் காலத்துக் குடை. இது குழந்தைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் படித்தவர்கள் மூன்று பேர் ஒன்றாகச் சேர்ந்தால் குழந்தைப் பிள்ளைக்குத் தெரிந்தது மறந்துபோகும். பண்டிதர் விரலை மடக்கினார். "தந்தை, பாட்டன், பூட்டன்... தலைமுறைக்கு முப்பத்தைந்து வைத்தாலும் நூறு தாண்டுகிறதே!" ஹெக்டர் தொப்பியைக் கழற்றி நெஞ்சிலே வைத்தார். நூறு தாண்டினால் புராதனம் என்பது சபையின் முதலாம் விதி. நண்டை மறந்து மூவரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

அடுத்த கிழமை கிளரன்ஸ் ஒரு பலகையோடு வந்தார். பெரிய ஆணிகளாகப் பார்த்து எடுத்து, அதை வள்ளத்தின் பக்கப்பலகையிலேயே அறைந்தார். ஆணி மறுபக்கம் வெளியே வந்தது. பலகையில் எழுதியிருந்தது இதுதான்: 'புராதனப் பொருள். தொடாதே. நகர்த்தாதே. நனைக்காதே.'

ஏரம்பு எழுத்துக் கூட்டி வாசித்தான். கடைசிச் சொல்லை இன்னொருமுறை கூட்டிப் பார்த்தான்.

"வள்ளத்தை நனைக்காமல் பேந்து என்ன ஐயா செய்யிறது?"

"பாக்கிறது," என்றார் கிளரன்ஸ்.

சபைக்கு அதிகாரம் கொழும்பிலிருந்து எழுத்திலே வந்திருந்தது. மீறினால் கோட்டிலே வழக்கு, வழக்குக்குப் பிறகு மறியலில் கம்பி எண்ண வேண்டும். இதை அவர் அன்பாகத்தான் சொன்னார்.

வள்ளத்தை வெயிலில் போட்டால் என்ன ஆகும் என்பது கடற்கரையில் பிறந்தவனுக்குச் சொல்லத் தேவையில்லை. பலகை காயும், சுருங்கும், பிளக்கும். ஒரு சோளகக் காற்றுக் காலம் முழுக்கக் கரையில் கிடந்தால் அது பிறகு அடுப்புக்குத்தான். ஏரம்புவிடம் இருந்தது அந்த ஒரு வள்ளம். வேறு காணியுமில்லை, பூமியுமில்லை. வெயில் முற்றுமுன் அது தண்ணீரில் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அவன் சாகும்வரை அயலவனின் வள்ளத்தில் கூலி.

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்த சபைக் கந்தோருக்குப் போனான். பெரிய பழைய பங்களா. உள்ளே ஒல்லாந்தர் காலத்துக் கதிரைகள் வரிசையாக இருந்தன. ஆனால் உட்கார ஒன்றும் இல்லை. புராதனக் கதிரையில் இருக்கக் கூடாது என்பதால் சபையார் எல்லோரும் நின்றுகொண்டே கூட்டம் நடத்தினார்கள். ஹெக்டருக்குக் காலில் நரம்பு முடிச்சு. ஒரு காலை மாற்றி மற்றக் காலில் நின்றார். சுவர் மணிக்கூடு புராதனம் என்பதால் அதற்குச் சாவி கொடுப்பதில்லை. அது காட்டிய நேரத்தைப் பார்த்துத்தான் கூட்டம் தொடங்கினார்கள், ஆகையால் சபை ஒருநாளும் பிந்தியது கிடையாது.

"ஐயா, பூட்டன் எண்டது வாயிலை வந்த ஒரு சொல்லு," என்றான் ஏரம்பு. "அது என்ரை அப்பர் கட்டுவிச்ச வள்ளம். அதுகும் அப்பர் போட்ட பலகை ஒண்டும் இப்ப அதிலை இல்லை. அடிப்பலகை புயலுக்குப் பிறகு போட்டது. பக்கப்பலகை தங்கச்சியின்ரை கலியாணம் முடிய மாத்தினது. ஆணி போன வருசம் சுன்னாகத்திலை வாங்கினது. எல்லாம் புதிசு ஐயா!"

கிளரன்ஸ் கலங்கிப்போய்ப் பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் கண்ணை மூடித் திறந்தார்.

"பலகை புதிது. ஒப்புக்கொள்கிறேன். ஆணி புதிது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிறதே ஓர் இடைவெளி, அதை யார் மாற்றினார்?"

ஏரம்பு யோசித்தான். "இடைவெளியை எப்பிடி ஐயா மாத்திறது?"

"எழுதும் கிளரன்ஸ். இடைவெளி பழையதென்று உடையவரே ஒப்புக்கொண்டார்."

ஹெக்டருக்கு இரக்கம் வந்துவிட்டது. அவர் இரங்கினால் பேசுவார். மற்றக் காலுக்கு மாறி நின்றுகொண்டு பேசினார். "ஏரம்பு, நீர் விளங்கிக்கொள்ள வேணும். ஒரு சாமான் உதவும் மட்டும் அது சாமான். உதவாமல் போனால் குப்பை. உதவக் கூடியதாய் இருந்தும், ஒருத்தரையும் பாவிக்க விடாமல் நாங்கள் மறிச்சு வைச்சிருந்தால், அதுதான் புராதனம். நாங்கள் இல்லையெண்டால் இந்த உலகத்திலை சாமானும் குப்பையும்தான் மிஞ்சியிருக்கும். புராதனம் எண்டு ஒண்டே இராது!"

பண்டிதர் கை தட்டினார். கிளரன்ஸ் முத்திரை குத்தினார். ஏரம்புவுக்கு விளங்கியது, மிக நன்றாக விளங்கியது. அதுதான் மோசம்.

அது போதாதென்று அவனுக்கு ஒரு பதவியும் கொடுத்தார்கள். வள்ளத்துக்கு ஒரு காவலாளி தேவை. பட்டினத்திலிருந்து ஆள் போடச் சபைக்கு வசதியில்லை. ஆகவே ஏரம்புவே கௌரவக் காவலாளி. "ஆரிட்டை இருந்து ஐயா காக்கிறது?" என்று கேட்டான். "உம்மிட்டை இருந்துதான்," என்றார் கிளரன்ஸ். "அதைப் பாவிக்க நினைக்கிறது இந்த ஊரிலை நீர் ஒராள்தானே?" மாதத்துக்கு ஒருமுறை போய் அறிக்கை சொல்ல வேண்டும். ஏரம்பு போய்ச் சொன்னான்: "ஏரம்பு எண்டொருத்தன் வந்து வள்ளத்தைத் தடவிப் பாத்தான் ஐயா. கலைச்சுவிட்டன்." சபை அவனைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த ஏரம்பு மேலே கண் வைத்திருக்கும்படியும் எச்சரித்தது.

இவ்வளவு நாளும் அவன் மனைவி கமலாவதி பொறுத்திருந்தாள் என்று நினைக்க வேண்டாம். அவள் ஊரறிந்த வாய்க்காரி. அவன் மச்சான் முத்துக்குமாருவின் வள்ளத்தில் கூலிக்குச் சவள் துடுப்பு வலித்துவிட்டு வரும் ஒவ்வொரு நாளும் அவள் வாசலில் நின்று சபையை வேரோடு சபித்தாள். "கோதாரியிலை போவார்! நாசமறுவார்! இருந்து எழும்ப ஒரு கதிரையில்லாத உவங்களுக்கு எங்கடை வள்ளம் கேக்குதோ?"

பிறகு ஒருநாள் அவளுக்கு ஒரு யோசனை உதித்தது. "இஞ்சாருங்கோ, பாவிக்கிற சாமான் புராதனம் இல்லையெண்டுதானே உவர் சொன்னவர்? அப்ப பாவிச்சுப் போட்டால் சரி." நாலு கூடை மீனைக் கொண்டுபோய் வள்ளத்துக்குள் கருவாடு போட்டாள். வள்ளத்தை அவள் தொடவில்லை; வெளியே நின்று எறிந்தாள்.

சபை காரில் பறந்து வந்தது. மூவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வள்ளத்தைச் சுற்றி நடந்தார்கள். பிறகு பண்டிதர் விதியை எடுத்துச் சொன்னார்: புராதனப் பொருளின் உள்ளே காணப்படுவது எதுவும் அதன் உடனுறு பொருள், அதையும் தொடலாகாது, அகற்றலாகாது. கருவாட்டுக்கும் ஒரு பெயர்ச்சீட்டுக் குத்தப்பட்டது. நெடுங்காலத்து மீனுணவு என்று அதில் எழுதியிருந்தது. வட்டுக்கோட்டைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்த பார்வையாளர்கள் நாசியில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டு அதைக் கண்டு வியந்தார்கள். அந்தக் காலத்து ஆட்கள் எப்படித்தான் சாப்பிட்டார்களோ என்று ஒரு அம்மா கண் கலங்கினார். மழையும் நாயுமாகச் சேர்ந்து கருவாட்டை ஒழித்துக் கட்டும்வரை ஊரே அந்த மணத்தில்தான் சோறு தின்றது.

ஏரம்பு ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வள்ளத்தடிக்குப் போவான். பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியத் தொடங்கியிருந்தது. முதலில் நூல் போல, பிறகு விரல் போகும்படி. ஒருநாள் பின்னேரம் அவன் அங்கேயே மணலில் குந்தி, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதான். கமலாவதி வந்து பார்த்தாள். திட்டவில்லை. அவள் திட்டாமல் நின்றது அவனுக்குப் பயமாக இருந்தது.

"அழாதேங்கோ," என்றாள். "உவங்களை நான் பாக்கிறன்."

அந்தச் சமயத்தில்தான் சபை திறப்பு விழா வைத்தது. கரையில் கிடக்கும் வள்ளத்தை எப்படித் திறப்பது என்று எவருக்கும் தெரியவில்லை, இருந்தாலும் விழா என்றால் விழாதான். கொழும்பிலிருந்து வருவதாக இருந்த பெரியவர் வரவில்லை; ஆனால் அவர் வந்ததுபோலவே பந்தலும் மாலையும் எல்லாம் நடந்தன. படத்துக்குப் பின்னால் கடல் தெரிய வேண்டும் என்பதால், வள்ளத்தைத் தண்ணீர்க் கரைவரை இழுத்து, முன்பக்கம் கடலைப் பார்க்க நிறுத்தும்படி உத்தரவு வந்தது. சபையின் விசேட அனுமதியோடு ஊரே சேர்ந்து அதைத் தென்னங்கட்டைகள் மேலே உருட்டிக்கொண்டு போயிற்று. சரிவான மணல். ஏரம்பு பயந்து, வள்ளத்துக்கு முன்னால் இரண்டு கட்டைகளைக் குறுக்கே போட்டு மறித்து வைத்தான்.

விழாவுக்கு முந்தின நாள் கமலாவதி கடற்கரைப் பக்கம் ஒரு போத்தல் சுறா எண்ணெயோடு போனதை இரண்டு மூன்று பேர் கண்டார்கள். கேட்டதற்கு, "வள்ளத்தை நான் தொடேல்லை. கீழை கிடக்கிறது எங்கடை தென்னங்கட்டை. என்ரை கட்டைக்கு நான் எண்ணெய் பூசுவன், பூ வைப்பன், ஆருக்கென்ன?" என்றாள். படம் எடுக்கக் கொழும்புத்துறையிலிருந்து வந்த சிமியோன் அவளுடைய சிநேகிதி யோசப்பினின் புருஷன். அவனோடும் அவள் கொஞ்ச நேரம் குசுகுசுத்தாள்.

விழா நாள் காலை. சோளகம் தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி நல்ல சீராக வீசியது. புராதனத்தைத் தொட உரிமையுள்ளவர்கள் சபையார் மட்டும்தான். ஆகையால் மூவரும் ஏணி வைத்து வள்ளத்தில் ஏறினார்கள், கிளரன்ஸ் தம் தோற்பெட்டியோடு. ஹெக்டர் முன்பக்கம் நின்று பேச்சைத் தொடங்கினார். "நாம் இன்று எங்கே நிற்கிறோம்? வரலாற்றின் மீது நிற்கிறோம்! இது இனி ஒருபோதும் அசையாது!" கைதட்டல்.

சிமியோன் கமராவிலிருந்து தலையை எடுத்தான். "ஐயா, அந்தக் கட்டையள் படத்திலை விழுது. வடிவில்லை."

ஹெக்டர் எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிற்று. "காவலாளி! என்ன காணும் இந்த விறகு? நூறு வருசத்து வள்ளத்துக்கு முன்னாலை நேற்றையத் தென்னங்கட்டையோ? சபைக்கு வெட்கம். எடும் உந்தக் கட்டையளை."

ஏரம்பு கட்டைகளைப் பார்த்தான்; எண்ணெய் மினுங்கியது. மனைவியின் மூளையில் என்ன ஓடுகிறது என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கிற்று. எவ்வளவு கொதித்தாலும் அவன் ஒரு கடலோடி; ஆட்கள் ஏறி நிற்கிற வள்ளம். சொல்லாமல் விட மனம் வரவில்லை. "ஐயாமார் இறங்கினாப் பிறகு எடுக்கட்டோ? கட்டையை எடுத்தால் வள்ளம் பேந்து..."

"உம்மிட்டை விளக்கம் கேட்டனானோ? புராதனத்தைப் பற்றி எனக்கு நீர் படிப்பிக்கிறீரோ? எடும் எண்டால் எடும்!"

"எழுத்திலை கேட்டு வாங்குங்கோ," என்றாள் கமலாவதி பின்னால் நின்று.

எழுத்து என்றதும் கிளரன்ஸுக்கு முகம் மலர்ந்தது. வரவேற்புப் பத்திரத்தின் ஒரு மூலையைக் கிழித்து, கட்டைகளை உடனடியாக அகற்றவும் என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். ஏரம்பு அதை வாங்கி மடித்து மடிக்குள் செருகினான். அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. குனிந்து ஒரு கட்டையை இழுத்தான். மற்றதையும் இழுத்தான்.

வள்ளம் ஒரு கணம் யோசித்தது. பிறகு போயிற்று. எண்ணெய் பூசிய கட்டைகள் மேலே சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், பளாரென்று தண்ணீரில் விழுந்து மிதந்தது. "அசையாது" என்று இன்னொரு முறை சொல்ல வாயெடுத்த ஹெக்டர் அப்படியே குந்திவிட்டார். சோளகம் வள்ளத்தைப் பிடித்துக் கடலுக்குள் தள்ளத் தொடங்கியது.

"பிடியுங்கோடா! பிடியுங்கோ!"

இளந்தாரிகள் இரண்டு பேர் பாய்ந்தார்கள். கமலாவதி கையை விரித்துக் குறுக்கே நின்றாள். "ஒருத்தரும் தொடாதேங்கோ! எழுதியிருக்கிறது தெரியேல்லையோ? தொட்டால் மறியல்! உள்ளுக்கை இருக்கிற மூண்டும் உடனுறு பொருள். அதுகளையும் தொடப்படாது!"

ஊர் விளங்கிக்கொண்டது. கருவாட்டு மணத்தில் சோறு தின்ற ஊர் அல்லவா? ஆண்களும் பெண்களும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு, கரையில் வரிசையாக நின்றார்கள். சிமியோன் படம் எடுத்தான்.

வள்ளத்துக்குள் நிலைமை வேறு. வெயிலில் சுருங்கிய பலகைகளின் நடுவே நாலா பக்கமும் தண்ணீர் பீறிட்டது. பண்டிதர் தம் இடைவெளிகளை ஒவ்வொன்றாகக் கண்டார். ஒன்றைக் குதிகாலால் அடைத்தார், ஒன்றைச் சால்வையால் அடைத்தார், பிறகு அடைக்கத் தம்மிடம் ஒன்றுமில்லை என்று கண்டு தேவாரம் பாடத் தொடங்கினார்.

அந்த நேரம் முத்துக்குமாருவின் வள்ளம் பக்கத்தில் வந்தது. முத்துக்குமாரு வலிக்க, கரையில் ஏறிக்கொண்ட ஏரம்பு அதில் நின்றான். சவள் இரண்டு, வலை ஒன்று, தண்ணீர் இறைக்கும் பனையோலைப் பட்டை ஒன்று எல்லாம் அவனுக்கு முன்னால் அடுக்கியிருந்தன. விடியவே கமலாவதி ஏற்றிவைத்தவை.

"ஏரம்பு, எங்கடை ராசா! கையைக் குடும்!" என்றார் ஹெக்டர்.

"எப்பிடி ஐயா தொடுறது? நூறு வருசத்துச் சாமான்."

"என்ன நூறு வருசம்! நீர்தானே சொன்னீர் எல்லாம் புதிசெண்டு! இது உம்மடை அப்பர் கட்டின வள்ளம். வெறும் பழசு! ஓட்டை! குப்பை!"

"அப்ப புராதனம் இல்லையோ?"

"இல்லை! இல்லவே இல்லை! புராதனம் எண்டு ஒண்டு எங்கை காணும் இருக்கு? நாங்கள் சொன்னால் இருக்கு, சொல்லாட்டி இல்லை! கடவுளே, முழங்காலுக்கு வந்திட்டுது!"

"வாயாலை சொன்னால் செல்லாது ஐயா. எழுத்திலை தாங்கோ."

கிளரன்ஸ் முழங்கால் தண்ணீரில் நின்று, வரவேற்புப் பத்திரத்தின் மிச்சத்தில் எழுதினார். இந்த வள்ளம் புராதனமன்று, என்றும் புராதனமாயிருந்ததில்லை, இனியும் ஆகாது. ஹெக்டர் கையெழுத்திட்டார். பண்டிதர் தேவாரத்தை நிறுத்தி, தாமும் கையெழுத்திட்டார். முத்திரை நனைந்திருந்தது, ஆனாலும் விழுந்தது. ஏரம்பு அதை முத்துக்குமாருவிடம் கொடுத்துக் கரைக்கு அனுப்பினான். அதற்கு முன்னால் சவளையும் வலையையும் பட்டையையும் இந்தப் பக்கம் எறிந்துவிட்டுத் தானும் பாய்ந்து ஏறினான்.

முத்துக்குமாருவின் வள்ளம் ஏன் தங்களை ஏற்றாமல் திரும்புகிறது என்பது அந்த மூவருக்கும் உடனே விளங்கவில்லை. ஏரம்பு குனிந்து பக்கப்பலகையைத் தடவினான். பலகை ஈரமாக இருந்தது. காய்ந்த மரம் தண்ணீர் குடித்து ஊதிவிட்டால் பிளவெல்லாம் தானே மூடும். அதுவரை விடாமல் இறைக்க வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். ஆள் மூன்று பேர் இருந்தார்கள்.

பட்டையைப் பண்டிதரிடம் கொடுத்தான். கிளரன்ஸுக்கு அவருடைய தோற்பெட்டியைக் காட்டினான். ஹெக்டரின் தலையிலிருந்த சோலாத் தொப்பியை மெல்லக் கழற்றி, திருப்பி, அவர் கையிலேயே வைத்தான். பிறகு சவளை எடுத்து, வள்ளத்தின் தலையைக் காங்கேசன்துறைப் பக்கத்து ஆழக் கடலுக்குத் திருப்பினான்.

"கரை அந்தப் பக்கமல்லோ காணும்!" என்று கத்தினார் ஹெக்டர். "எங்கை கொண்டு போறீர் எங்களை?"

"தொழிலுக்கு ஐயா. ஒரு சோளகம் முழுக்கப் போயிட்டுது. இண்டைக்காவது ரெண்டு மீன் படவேணும்."

"பேந்து எப்பதான் திரும்புறது?"

"வலை நிறைஞ்சாப் பிறகு," என்றான் ஏரம்பு. "கதைக்காமல் இறையுங்கோ."